சீப்பிலையின் மறுபாதி

"இது புதுசா, பழசா? ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க மேடம். நான் போயிடறேன்."

கேட்டவர் ஜம்புலிங்கம். வயது ஐம்பத்துமூன்று. கேட்கப்பட்டவர் ஷம்ஷாத். அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

ஆனால் திருச்சியில் இருந்த அந்தக் கல்லூரியின் கல் அறையில் ஷம்ஷாத்தான் குரு, இவர்தான் சீடர். வயசைக் காட்டி அங்கே ஒன்றும் நடக்காது. அலமாரியில் கிடக்கிற கற்களுக்கே பத்துக் கோடி வருஷத்துக்கு மேலே ஆகிறது. அதுகளே வாயை மூடிக்கொண்டுதான் இருக்கின்றன.

"உட்காருங்க சார்."

"உட்கார முடியல மேடம்."

"அப்ப நில்லுங்க."

நின்றார். மார்போடு ஒரு துண்டு மூட்டையை அணைத்திருந்தார். பெற்ற பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்த மாதிரி இருந்தது அந்த முகம்.

"பிரிங்க."

பிரித்தார். உள்ளே உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைக் கல். கல்லில் ஒரு இலையின் தடம்.

ஷம்ஷாத் பார்த்தார். பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். திருப்பி வைத்துப் பார்த்தார்.



ஜம்புலிங்கம் எச்சிலை விழுங்கினார். அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

*

ஊட்டத்தூர்ப் பக்கம் வெள்ளைக் களிமண் குழிகள் உண்டு. அங்கே மண் ஏடு ஏடாக இறுகிக் கல்லாகியிருக்கும். உளியை வைத்து ஒரு தட்டு தட்டினால் போதும், வாய் திறக்கும்.

உள்ளே இலை இருக்காது. இலை படுத்துக் கிடந்த இடம் இருக்கும்.

எந்தக் காலத்திலோ ஒரு செடியிலிருந்து விழுந்து, சேற்றில் அமுங்கிய இலையின் அச்சு. அதைப் பார்த்து, இது இன்ன செடி என்று பேர் சொல்ல வேண்டும். இதுவரை யாரும் பேர் வைக்காத இலை என்றால் அது புதுசு, கண்டவரே பேர் வைக்கலாம். அதுதான் இவர்கள் பிழைப்பு. பிழைப்பு என்று சொன்னால் ஜம்புலிங்கம் வீட்டில் சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் தாவரவியல் வாத்தியாராக இருந்தவர், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இதைக் கட்டிக்கொண்டு அழ வந்தவர்.

அந்தக் குழியில் எங்கே தட்டினாலும் கிடைப்பது சீப்பிலை. நடுவில் தண்டு, தண்டுக்கு இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி வரிசையாகச் சின்ன இலைகள். அதற்குப் பெரிய லத்தீன் பேர் இருக்கிறது. ஆனால் குழிக்குப் போகிறவர்கள் எல்லாரும் சீப்பிலை என்றுதான் சொல்வார்கள். மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். காலில் மிதிபடும்.

இவர் கொண்டுவந்த கல்லில் தண்டே இல்லை.

இரண்டு பக்கத்துப் பற்களும் நடுவில் வந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பின்னல் போட்ட சடை மாதிரி கிடந்தன.

*

"எப்ப கிடைச்சது?"

"போன வருஷம் மேடம்."

"போன வருஷம்."

"ஆமா."

"என்கிட்ட இன்னிக்குத்தான் காட்டுறீங்க."

ஜம்புலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"எல்லாருக்கும் காட்டினேன் மேடம். வெளியூர்க்காரங்களுக்குப் படம் அனுப்பினேன். இப்படி ஒண்ணு பாத்ததில்லன்னாங்க. கட்டுரை எழுதினேன். ஏத்துக்கிட்டாங்க. இந்த வாரம் அச்சுக்குப் போகுது."

"அப்புறம் என்ன சார்?"

"உங்ககிட்ட மட்டும் காட்டல."

"ஏன்?"

"பயம்."

மனுஷனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

"பேரு வச்சாச்சா?"

"வச்சாச்சு."

"என்ன பேரு?"

அப்போதுதான் அந்த முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

"என் வீட்டுக்காரி பேரு மேடம். செங்கமலம். லத்தீன்ல போகும்போது வால் கொஞ்சம் மாறும். ஆனா செங்கமலம்தான். உலகம் இருக்கிற வரைக்கும் நிக்கும்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? எங்க தெருவுக்கே தெரியும். மன்னார்குடியில அவ தங்கச்சிக்குத் தெரியும், தங்கச்சி மாமியாருக்குத் தெரியும். வெளியாகிற அன்னிக்குக் கட்டிக்கணும்னு புடவை எடுத்து பீரோவுல வச்சிருக்கா. பச்சைப் புடவை. இலைக்குப் பொருத்தமா இருக்கணுமாம்."

மூச்சு வாங்கினார். பிறகு மளமளவென்று கொட்டினார்.

"நான் அவளுக்கு ஒண்ணும் செஞ்சதில்ல மேடம். கட்டிலுக்கு அடியில கல்லு. பீரோவுல கல்லு. அரிசிப் பானைக்குப் பக்கத்துல கல்லு. வேலையை விட்டுட்டு வந்து நின்னேன், ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல. இது ஒண்ணுதான் நான் அவளுக்குக் கொடுக்கறது. இது ஒண்ணுதான்."

"வீட்டுல அவங்களை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"எப்படின்னா?"

"பேர் சொல்லியா?"

ஜம்புலிங்கத்துக்கு அந்தப் பதற்றத்திலும் வெட்கம் வந்துவிட்டது.

"ஐயோ, அந்தப் பழக்கமெல்லாம் எங்க வீட்டுல கிடையாது மேடம். 'இந்தா'ம்பேன். வந்துடுவா. கல்யாணம் ஆனதுலேர்ந்து அதே 'இந்தா'தான்."

ஷம்ஷாத் தலையாட்டினார். அதற்குமேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

*

"ஒருவேளை தப்பா இருந்தா, மேடம்?"

"எது?"

"பேரு. அச்சுல வந்தப்புறம் தப்புன்னு தெரிஞ்சா, அழிச்சிடுவாங்களா?"

"அழிக்க மாட்டாங்க. ஒருதடவை அச்சுல வந்த பேரு அழியாது."

"அப்பாடா."

"சரியான பேருக்குக் கீழே, 'இது தப்பு'ன்னு குறிச்சு வச்சிருப்பாங்க. யார் தேடினாலும் கிடைக்கும். உலகம் இருக்கிற வரைக்கும்."

ஜம்புலிங்கம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். உட்கார முடியாது என்றவர்தான்.

"செங்கமலம்னு தேடினா, தப்புன்னு வருமா?"

ஷம்ஷாத் மேசை இழுப்பறையைத் திறந்தார். ஒரு கல்லை எடுத்து அவர் முன்னால் வைத்தார். கல்லின்மேல் கன்னங்கரேலென்று ஒரு பெரணி. கிளைக்குள் கிளை, அதற்குள் கிளை. சித்திரம் எழுதினால்கூட இத்தனை நேர்த்தி வராது.

"இது என்ன செடி?"

"மேடம், விளையாடுறீங்களா?"

"சொல்லுங்க."

"இது செடியே இல்லையே. விரிசல்ல தண்ணி இறங்கி மாங்கனீசுக் கறை படிஞ்சிருக்கு. புதுசா வர்றவங்க பெரணின்னு குதிப்பாங்க. நடு நரம்பு இல்ல. எல்லாக் கிளையும் விரிசல் ஓரத்துலேர்ந்து கிளம்புது. இது ஒரு நாளும் உயிரோட இருந்ததில்ல மேடம்."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"இதுக்கு யாரைக் கேக்கணும்? பாத்தாலே தெரியுதே."

"கை நடுங்குச்சா?"

ஜம்புலிங்கம் தன் கையைப் பார்த்தார்.

"இல்ல."

ஷம்ஷாத் அந்தக் கறைக் கல்லை எடுத்துவிட்டு, அதே இடத்தில் சடைக் கல்லை வைத்தார்.

கை நடுங்க ஆரம்பித்தது.

"அப்ப இதுவும் கறையா மேடம்?"

"சேச்சே. இது இலைதான்."

"புது இலையா?"

"மறுபாதி எங்க?"

*

கல்லைப் பிளந்தால் இரண்டு பாதி வரும். இரண்டையும் முகத்தோடு முகம் சேர்த்து ஒரே துணியில் கட்டு. ஒன்று அழகாக இருக்கிறது என்று இன்னொன்றை விடாதே.

ஷம்ஷாத் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அது. ஜம்புலிங்கம் அதைத் தனக்குப் பின்னால் வந்த எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மறந்தவர்களை வாத்தியார் தோரணையில் திட்டியும் இருக்கிறார்.

"மறுபாதி இல்ல மேடம்."

"உங்ககிட்டயா இல்ல?"

"அன்னிக்கு நான் உடைக்கல. அவதான் உடைச்சா. புளிச்சோறு கட்டிக்கிட்டு என்கூட வந்திருந்தா. நான் மேட்டுப் பக்கம் இருந்தேன். இவ சும்மா உக்காந்திருக்காம உளியை எடுத்துத் தட்டியிருக்கா. 'என்னங்க, இதைப் பாருங்க, சடை போட்ட மாதிரி இருக்கு'ன்னு இதை ஏந்திக்கிட்டு ஓடி வந்தா. இதைப் பாத்ததும் எனக்குத் தலைகால் புரியல. இன்னொண்ணு எங்கேன்னு கேக்கவே தோணல மேடம்."

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானைக்கு அது தெரிந்திருக்கிறது, அதுதான் வேதனை. ஒரு வருஷமாக இந்தக் கேள்வி வந்துவிடுமோ என்றுதான் இந்த அறைப் பக்கம் கல்லைக் கொண்டுவராமல் இருந்தார்.

ஷம்ஷாத் கல்லைத் துண்டில் சுற்றி அவர் கையில் கொடுத்தார்.

"மறுபாதியோட வாங்க."

"மேடம், வெளியில பாருங்க. கோடை மழை இறங்கப் போகுது. அந்தக் கல்லு தண்ணி பட்டா மாவாக் கரைஞ்சிடும். அதுவும் ஒரு வருஷம் ஆச்சு. இருக்குமா?"

"தெரியாது."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா உங்க இலை பழசுன்னு யாராலயும் சொல்ல முடியாது."



"அப்ப அது நல்லதுதானே மேடம்?"

ஷம்ஷாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தூக்கம் வருமா சார்?"

*

உறையூரில் வீடு. பஸ்ஸில் போகும்போதே வானம் கறுத்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு மேகத்தையும் அவர் முறைத்துக்கொண்டே போனார். குழிக்குப் போய்ச் சேர்வதற்குள் கொட்டிவிட்டால்? கொட்டிவிட்டால் நல்லதா, கெட்டதா? அதுகூட அவருக்குத் தெரியவில்லை. ஒரு மனசு, 'ஐயோ பெய்யாதே' என்றது. இன்னொரு மனசு, 'பெய்யேன்' என்றது.

பாவம், எந்த மனசு தன்னுடையது என்று தெரியாமல் வீட்டுக்குள் நுழைந்தார்.

"இந்தா, என் பையை எடு. குழிக்குப் போறேன்."

சமையலறையிலிருந்து செங்கமலம் எட்டிப் பார்த்தார்.

"இந்த மேகத்துலயா? மேடம் என்ன சொன்னாங்க? புதுசுதான்னாங்களா?"

"மறுபாதி வேணுமாம்."

"எதோட மறுபாதி?"

"உன் கல்லோடது. நீ உடைச்சியே, அதோட ஜோடி."

"அதுக்கு எதுக்குக் குழிக்குப் போறீங்க? மாடியில இருக்கு."

ஜம்புலிங்கம் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு கால் செருப்பில், ஒரு கால் தரையில்.

"எந்த மாடியில?"

"நம்ம மாடியிலதான். அடுத்தவங்க மாடியிலயா கொண்டுபோய் வைப்பேன்? வடகத் துணி பறக்காம ஒரு மூலைக்கு வச்சிருக்கேன். தட்டையா நல்லா இருந்துச்சுன்னு அன்னிக்கே பையில போட்டுக்கிட்டேன். வடகம் போடாத நாள்ல உள்ளே எடுத்து வச்சிடுவேன்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"அதுல ஒண்ணும் இல்லீங்க. நீங்க எப்பவும் காட்டுவீங்களே, அதே சீப்புதான். அதான் உங்ககிட்ட மூட்டை மூட்டையா இருக்கே, இன்னொண்ணு எதுக்குன்னு விட்டுட்டேன்."

அதே சீப்பு.

ஜம்புலிங்கம் மாட்டிய செருப்பைக் கழற்றினார்.

இலைக்கு முகம் உண்டு, முதுகு உண்டு. முதுகுப் பக்கம் பார்த்தால் தண்டு தெரியும். முகப் பக்கம் பார்த்தால், பற்களின் அடி வந்து தண்டை மூடிக்கொண்டு சடை மாதிரி நிற்கும். ஒரே இலை, பிளந்த கல்லின் ஒரு பாதியில் முகத்தையும் மறுபாதியில் முதுகையும் விட்டுவிட்டுப் போகும். குழியில் கிடைப்பதில் பெரும்பாலும் முதுகுதான் தெளிவாக விழுந்திருக்கும், முகம் இத்தனை சுத்தமாகக் கிடைப்பது அபூர்வம்.

இது அவருக்குத் தெரியாததா? தெரியும். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். படித்த பாடத்தையும் அது அறியாது போலிருக்கிறது.

'வேற இலையா இருக்கும்' என்று சொல்லிக்கொண்டே படி ஏறினார். 'அடுத்த ஏட்டுல கிடந்த வேற இலையா இருக்கும். இவளுக்கு என்ன தெரியும்? எல்லாத்தையும் சீப்பும்பா.'

படி ஏற ஏற, சொல்வது முணுமுணுப்பானது.

*

மாடியில் காற்று சுழன்றது. வெள்ளை வேட்டியில் பிழிந்த கூழ் வடகம். ஒரு மூலையில் அரைச் செங்கல். ஒரு மூலையில் பழைய குண்டான் மூடி, அதன்மேல் இன்னொரு செங்கல். ஒரு மூலையில் உடைந்த பூந்தொட்டி.

நாலாவது மூலையில் அந்தக் கல். இலை இருக்கும் பக்கம் கீழே கவிழ்ந்து கிடந்தது.

குனியவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

ஒரு சொட்டு விழுந்தது. கல்லின்மேல் பொட்டு வைத்த மாதிரி ஒரு ஈரம்.

இன்னொரு சொட்டு. கல்லின் ஓரம் குழைந்து, வெள்ளையாக ஒரு கோடு வேட்டியில் இறங்கியது.

நின்றால் போதும். எதையும் எறிய வேண்டாம். பொய் சொல்ல வேண்டாம். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும். 'போனேன் மேடம், கரைஞ்சு போச்சு.' அது உண்மைதான். பச்சைப் புடவை பீரோவில் இருக்கும். கட்டுரை அச்சுக்குப் போகும். பேர் நிற்கும்.

மழை வலுத்தது.

"ஐயையோ, என் வடகம்!" என்று கத்திக்கொண்டே செங்கமலம் படியேறி ஓடி வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஜம்புலிங்கம் நாலு காலில் நின்றுகொண்டிருந்தார். கன்றுக்குட்டிக்கு மேல் பசு நிற்கிற மாதிரி, கல்லுக்கு மேல். முதுகில் மழை தடதடவென்று அடித்தது.

"என்னங்க இது கூத்து! வடகம் நனையுது, கல்லுக்குக் கூரை போட்டுக்கிட்டு நிக்கிறீங்க!"

"இந்தா, ஒரு துணி கொண்டா. சீக்கிரம். கரையுது, வெறுங்கையால எடுத்தா பேந்துடும்."

*

படிக்கட்டுக் கூரைக்குக் கீழே இரண்டு பேரும் ஈரத்தோடு உட்கார்ந்தார்கள். செங்கமலத்தின் மடியில் வடக மூட்டை. ஜம்புலிங்கத்தின் மடியில் கல்.

திருப்பினார்.

நடுவில் தண்டு. இரண்டு பக்கமும் பல். நுனியில் இடப்பக்கம் ஒரு கிழிசல்.

ஏறும்போது படிக்கட்டில் வைத்துவிட்டுப் போன துண்டிலிருந்து சடைக் கல்லை எடுத்தார். நுனியில் வலப்பக்கம் அதே கிழிசல். முகத்தோடு முகம் வைத்தால் ஒன்றின்மேல் ஒன்று விழும். வைத்துப் பார்க்க வேண்டியதே இல்லை.

"என்னங்க? வாயைத் திறந்து சொல்லுங்க. எனக்குப் பயமா இருக்கு."

"ரெண்டும் ஒரே இலை. நீ ஓடி வந்து காட்டினது முகம். வடகத்துக்கு வச்சது முதுகு."

"அப்ப?"

"புதுசும் இல்ல, ஒண்ணும் இல்ல. சீப்பிலை."

"அப்ப என் பேரு?"

"வராது."

சொல்லிவிட்டு அழுதுவிட்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி. உலகத்தில் ஒரு மனுஷிக்கு ஒன்றே ஒன்று கொடுக்க வந்து, அதையும் தன் கையாலேயே நனையாமல் காப்பாற்றிக் கெடுத்துக்கொண்ட மனுஷன் வேறு என்ன செய்வார்?

செங்கமலத்துக்கும் வலித்தது. வலிக்காமல் இருக்குமா? நேற்றுக்கூடத் தங்கச்சியிடம் போனில் அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். 

ஈர வடகத்தை ஒரு உருட்டு உருட்டி ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார்.

"எங்க போற?"

"புடவை மாத்த."

"எதுக்கு?"

"மேடம் மறுபாதியோட வரச் சொன்னாங்கல்ல? எடுத்து வச்சிருந்தவ நான்தானே? நானும் வர்றேன்."

பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

*

கல் அறையில் விளக்கு எரிந்தது. செங்கமலம் சொட்டச் சொட்டக் குடையை மூலையில் சாத்தினார். ஜம்புலிங்கம் இரண்டு பாதியையும் மேசைமேல் வைத்தார்.

"இது என் வீட்டுக்காரி மேடம்."

"தெரியும். வாங்கம்மா."

ஷம்ஷாத் இரண்டு கற்களையும் எடுத்தார். சடையைக் கீழே வைத்தார். சீப்பை அதன்மேல் கவிழ்த்தார்.

டொக்.

இலை இல்லை. சடை இல்லை. சீப்பு இல்லை. மேசைமேல் ஒரு வெள்ளைக் கல், ஒரு பக்கம் கொஞ்சம் கரைந்து கிடந்தது.

"சொல்லுங்க சார். புதுசா, பழசா?"

"பழசு."

"பாக்காமலே சொல்றீங்க."

"பாத்துட்டேன் மேடம்."

கை நடுங்கவில்லை. அவரே அதைக் கவனிக்கவில்லை.

"கட்டுரை?"

"நிறுத்தச் சொல்லி பஸ்லயே போன்ல எழுதி அனுப்பிட்டேன்."

செங்கமலம் மேசைக்குப் பக்கத்தில் வந்து, மூடிய கல்லை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, நான் உடைக்காம இருந்திருந்தா இது இப்படியேதானே இருந்திருக்கும்?"

"ஆமாம்மா."

"எத்தனை காலமா இப்படி இருந்துச்சு?"

"பத்துக் கோடி வருஷத்துக்கு மேலே."

"அடேயப்பா. அப்பல்லாம் இதுக்கு என்ன பேரு?"

"கூப்பிட ஆள் இல்லையேம்மா."

செங்கமலம் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பி, தெருவைப் பார்த்தார்.

"மழை கொஞ்சம் விட்டாப்புல இருக்கு. வடகத்தை அப்படியே உருட்டிப் போட்டுட்டு வந்துட்டேன், புளிச்சுப் போயிடும். நான் முன்னாடி போறேங்க. நீங்க பேசிட்டு மெதுவா வாங்க. வர்றேம்மா."

போய்விட்டார்.

*

ஜம்புலிங்கம் மூடிய கல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சிரிச்சுக்கிட்டுப் போறா மேடம்."

"ஆமா."

"அழுதிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். தெருவுல நாலு பேர் கேப்பாங்க, என்ன சொல்லுவா? அவ பேரு போச்சே மேடம். இனிமே நான் அவளுக்கு என்னத்தைக் கொடுக்கறது?"

ஷம்ஷாத் எழுந்தார். மூலையில் இருந்த குடையை எடுத்து அவர் மடியில் வைத்தார். ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்தார்.

கீழே தெரு. எதிரே பஸ் நிறுத்தம். விட்டாப்புல இருந்த மழை மறுபடி பிடித்துக்கொண்டிருந்தது. செங்கமலம் பச்சை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, வந்து நின்ற பஸ்ஸை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தார்.

"நனையறாங்க. கூப்பிடுங்க."

ஜம்புலிங்கம் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"இந்தா!"

பூக்காரர் திரும்பினார். ஆட்டோக்காரர் திரும்பி, "எங்க சார் போகணும்?" என்றார். யாரோ ஒரு அம்மா குடையை விலக்கி அண்ணாந்து பார்த்தார்.

செங்கமலம் திரும்பவில்லை.

"இந்தா! இந்தாம்மா!"

பூக்காரர் மறுபடி திரும்பினார். பஸ் ஹாரன் அடித்தது. செங்கமலம் கம்பியைப் பிடித்துவிட்டார்.

ஜம்புலிங்கம் ஷம்ஷாத்தைப் பார்த்தார். ஷம்ஷாத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கன்னம் சூடேறியது. வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"செங்கமலம்!"

படியில் வைத்த காலை எடுத்துவிட்டு, அவ்வளவு மழையில், செங்கமலம் திரும்பினார்.